இன்ஜின் எந்தப் பக்கம் நிற்கிறது

1. முதல் நாள் பட்டியல்

வேலையில் சேர்ந்த முதல் நாள் லைனின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். நடந்து முடித்ததும், மாற்ற வேண்டியவை என்று ஒரு பட்டியல் போட்டேன். பட்டியல் போடுவது எனக்குப் பழக்கம். சேலையூரில் எங்கள் வீட்டில் காய்கறி வாங்கப் போனாலும் என் சீட்டில் வரிசை எண் இருக்கும். அன்றைய பட்டியலில் முதலில் எழுதியது: "எல்லா ஜாயின்ட்டையும் வெல்டு செய்ய வேண்டும்."

லைன் என்று நான் சொல்வது, தாம்பரத்துக்குத் தெற்கே மெயின் லைனிலிருந்து பிரிந்து, மேற்கே சில கிலோமீட்டர் மட்டும் ஓடி, ஒரு சிமென்ட் கிடங்கில் முடிந்துவிடுகிற தனியார் சரக்குப் பாதை. இதில் பயணிகள் வண்டி வராது. சிமென்ட் ஏற்றிய வேகன்களை ரயில்வே இன்ஜின் கொண்டுவந்து, மெயின் லைனை ஒட்டியுள்ள எக்ஸ்சேஞ்ச் யார்டில் விட்டுவிட்டுப் போகும். அங்கிருந்து எங்கள் இன்ஜின் அவற்றைப் பகுதி பகுதியாக உள்ளே இழுத்து வரும். காலியானதும் திரும்பக் கொண்டுபோய் விடும். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு டீசல் இன்ஜின், ஒரு டிரைவர், எட்டுப் பேர் கொண்ட ஒரு கேங், ஒரு கேட், அப்புறம் நான்.

பொத்தேரியில் என்னோடு சிவில் படித்தவர்களில் பாதிப் பேர் நாவலூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்பவர்களோடு நடக்கும் உரையாடல் எப்போதும் ஒன்றுதான்.

"ரயில்வேயா? கவர்ன்மென்ட்டா?"

"இல்ல, ப்ரைவேட் லைன்."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

சைடிங் எனப்படும் இந்தக் கிளைப் பாதைக்குப் பொறுப்பாளர் ரகுராமன் சார். என் பட்டியலைக் கடைசிவரை பொறுமையாகப் படித்தார்.

"பெனிட்டா, நம்ம லைன்ல மேக்சிமம் ஸ்பீடு எவ்வளவு?"

"பதினஞ்சு சார்."

"பதினஞ்சுல போற வண்டிக்கு எதுக்கும்மா வெல்டிங்? பிஷ் பிளேட்டுக்கு ஒழுங்கா எண்ணெய் போடு. மத்ததுக்கு எல்லாம் ஹெட் ஆபீஸ்ல பணம் கேக்கணும். பணம் கேட்டா, இப்படி ஒரு லைன் இருக்கறது அவங்களுக்கு ஞாபகம் வந்துடும்."

முதலில் அது நகைச்சுவை என்று நினைத்தேன். போகப்போகத்தான் அது அவருடைய நிர்வாக முறை என்று புரிந்தது. தலைமை அலுவலகத்துக்கு ரயிலை விட லாரி பிடிக்கும். லாரிக்கு லைன் வேண்டாம், கேங் வேண்டாம், கேட் வேண்டாம். லைனை நிறுத்த அவர்களுக்கு ஒரு நல்ல காரணம் மட்டும்தான் தேவைப்பட்டது. அந்தக் காரணத்தைக் கொடுத்துவிடாமல் இருப்பதுதான் எங்கள் எல்லோருடைய வேலை.

பிஷ் பிளேட் என்பது தெரியாதவர்களுக்காக: இரண்டு ரயில் துண்டுகள், அதாவது தண்டவாளக் கம்பிகள், சந்திக்கும் இடத்தில் இரு பக்கமும் ஓர் இரும்புப் பட்டை வைத்து, நான்கு போல்ட் போட்டு இறுக்குவார்கள். வண்டி அதன் மேல் போகும்போதுதான் அந்தத் தடதட சத்தம் வரும். புதிய லைன்களில் வெல்டு செய்துவிடுகிறார்கள், சத்தம் வராது. எங்கள் கேங்குக்குத் தலைவரான மேட் ஏழுமலை அண்ணனிடம் வெல்டிங் பற்றிச் சொன்னபோது, அவர் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டுவது அவர் கேங்கின் வழக்கம். அந்த வருஷமும் அதையே செய்தார். நானும் கூட நின்று பார்த்தேன். ஒரு நட்டுகூட அடம்பிடிக்கவில்லை.

2. கல் போன வழி

இந்த லைனைச் சிமென்ட்டுக்காகப் போடவில்லை. மேற்கே இருக்கிற குன்றில் கல் குவாரி இருந்தது. அந்தக் கல்லை வெளியே கொண்டுபோகத்தான் முதலில் லைன் போட்டார்கள். அப்போது ஸ்டீம் இன்ஜின். குவாரிக்குள் தண்ணீர் ஊறி, கல் எடுப்பது நின்றபோது லைனும் கொஞ்ச காலம் நின்றது. பிறகு ஒரு தொழிற்சாலை வந்தது, போனது. கடைசியாக எங்கள் கம்பெனி கிடங்குக்காக நிலத்தை வாங்கியபோது, லைனும் நிலத்தோடு சேர்ந்து வந்தது. கல் வெளியே போன வழியில் இப்போது சிமென்ட் உள்ளே வருகிறது. மலையை எடுத்துக்கொண்டு போனார்கள், மாவாக்கி அனுப்புகிறார்கள் என்பார் சேகர் அண்ணன்.

சேகர் அண்ணன்தான் எங்கள் டிரைவர். இன்ஜினைத் தவிர வேறு எதையும் மதிக்காதவர் என்று பெயர். அவருக்கும் ரோஸ்லின் டீச்சருக்கும் நான் வருவதற்கு முன்பிருந்தே சண்டை. லைனை ஒட்டிப் பாதி தூரத்தில் ஒரு காலனி இருக்கிறது. அதில் முதல் வீடு டீச்சருடையது. ஸ்கூல் முடிந்து வந்து மாலையில் டியூஷன் எடுப்பார். சரியாக அந்த நேரத்தில்தான் வேகன் வரும்.

"ஏம்ப்பா சேகர், இங்க பிள்ளைங்க படிக்கிறது உன் காதுல விழாதா? ஹாரன்ல இருந்து கையை எடுக்கவே மாட்டியா?"

"எடுக்கறேன் டீச்சர். நீங்க மொதல்ல டிராக்குல காயப் போட்டுகீற பெட்ஷீட்ட எடுங்க. இல்லாங்காட்டி நான் அத்த போத்திகினு யார்டுக்குப் போவணும்."

அது உண்மை. வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் வண்டி ஓடுகிற லைன் என்றால், மற்ற நாட்களில் அது காலனியின் முற்றம். தண்டவாளத்தில் துணி காயும், குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையில் வடாம் காயும், கேட் பக்கத்தில் நாலு பைக் நிற்கும். அதனால் வண்டி காலனியை நெருங்கும் முன், சாம்பல் மேடு என்கிற வளைவில் சேகர் அண்ணன் ஒரு நீண்ட ஹாரன் கொடுப்பார். எல்லோரும் ஓடி வந்து அவரவர் பொருளை எடுப்பார்கள். டீச்சர் வீட்டு வாசலில் கூடுதலாக ஒரு குட்டி ஹாரன். அது விதியில் இல்லாதது.

ரகுராமன் சாருக்கு ஒரு வாக்கியம் உண்டு. "கழட்டின ரயில் திரும்பி வராது." இந்தப் பக்கத்தில் முன்பு இருந்த சின்னச் சின்ன சைடிங்குகள் எப்படிப் போயின என்று அவரிடம் கேட்டேன். எதையும் யாரும் மூடவில்லை என்றார். பைப் போட, ரோடு போட என்று ஏதோ ஒரு வேலைக்காக ஒரு ஜோடி ரயிலைக் கழற்றி ஓரமாக வைப்பார்கள். அடுத்த மாதம் மாட்டலாம் என்பார்கள். அந்த மாதம் வராது. புல் முளைக்கும், ரயில் பழைய இரும்புக்குப் போகும், அப்புறம் அங்கே அடுக்குமாடி வீடு வரும். "லைனை வெட்டிக் கொல்ல வேணாம் பெனிட்டா. கழட்டி வெச்சுட்டு மறந்தா போதும்."

3. தண்ணீர்

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. ஒருநாள் காலை, ஸ்கூட்டரைப் பாதி வழியில் ஒரு மேட்டில் விட்டுவிட்டு, லைன் மேலேயே நடந்து காலனிக்கு வந்து சேர்ந்தேன். அங்கே நான் பார்த்தது இதுதான்: லைன் போட்டிருக்கிற மண்கரைக்கு இடப்பக்கம் காலனி, தண்ணீரில் நின்றது. வலப்பக்கம் எங்கள் கம்பெனியின் காலி நிலம், அதற்கு அப்பால் ஓடை. அந்தப் பக்கம் வெறும் ஈரம். நடுவில் எங்கள் லைன் ஏரிக்கரை மாதிரி நின்றது.

லைன் மேல் காலனி ஆட்கள் கடப்பாரையோடு நின்றார்கள். எதிரில் ஏழுமலை அண்ணனும் கேங்கும் நின்றார்கள். சேகர் அண்ணன் யாரோடும் சேராமல் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்.

டீச்சர்தான் பேசினார். சத்தம் போடவில்லை.

"ஏம்மா, நீ இன்ஜினியர்தானே. இந்தப் பக்கம் பாரு. அந்தப் பக்கம் பாரு. நான் என்ன சொல்ல வரேன்னு உனக்குத் தெரியும்."

தெரிந்தது. அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். அந்தச் செங்கல்லையும் தண்ணீர் தொட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். தெருவில் ஆட்டோவோ ஆம்புலன்ஸோ வர வழியில்லை.

ஒரு பையன், "நாங்களே வெட்டிக்கிறோம், தள்ளுங்க" என்றான்.

"வெட்டலாம். ஆனா உன் இஷ்டத்துக்கு வெட்டினா தண்ணி கரையை அறுத்துகிட்டே போகும். வெட்டினவங்களையும் சேர்த்து இழுக்கும். எங்க, எவ்வளவு அகலம்னு நான் சொல்றேன். ஒரு போன் மட்டும் பண்ணிக்கிறேன்."

ரகுராமன் சார் குரோம்பேட்டையில் தன் வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார். நிலைமையைச் சொன்னேன்.

"ரயிலைக் கழட்டணும்கிற."

"ஒரு ஜோடி மட்டும் சார். சாம்பல் மேட்டுல. பேருதான் மேடு, லைன்ல அதுதான் தாழ்வான இடம்."

"கழட்டினா ஹெட் ஆபீஸ்ல என்ன சொல்லுவாங்கன்னு தெரியுமா? அப்படியே இருக்கட்டும்பாங்க. அவ்வளவுதான். உன் வேலைக்கும் சேர்த்துதான் சொல்றேன்."

"தெரியும் சார். வீட்டுக்குள்ள தண்ணி போயிடுச்சு."

"எனக்குப் புரியாம இல்ல. கழட்டு. நான் சொன்னேன்னு எழுதிக்கோ." பிறகு சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு கேள்வி கேட்டார். "இன்ஜின் எந்தப் பக்கம் நிக்குது?"

"ஷெட்ல சார். உள் பக்கம், கிடங்குகிட்ட."

"சரி" என்று வைத்துவிட்டார்.

நான் சேகர் அண்ணனிடம் சொன்னேன். "கழட்டச் சொல்லிட்டார் அண்ணா. இன்ஜின் எந்தப் பக்கம்னு கேட்டார்."

"கேட்டாரா?" அவர் எழுந்தார். லைனை மேலும் கீழும் பார்த்தார். "மேடம், ஷெட்டாண்ட தண்ணி ஏறிகினு கீது. பேஜாராப் பூடும். யார்டாண்ட மேடு. அங்க இட்டுகினு போய் நிறுத்திட்டு வந்துட்றேன். அப்பால கழட்டுங்க."

லைன் முழுவதற்கும் மேடு பள்ளம் அளந்து லெவல் எடுத்தவள் நான். ஷெட்டில் தண்ணீர் ஏற வேண்டுமானால், அதற்கு முன் காலனியின் மொட்டைமாடிகள் மூழ்கியிருக்க வேண்டும். சேகர் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா அண்ணா, ஷெட்டுக்கு ஆபத்துதான்" என்றேன். "பார்த்து, மெதுவா."

கரை நனைந்திருந்ததால் நான் முன்னால் நடக்க, இன்ஜின் என் பின்னால் ஆள் நடக்கும் வேகத்தில் வந்தது. சாம்பல் மேட்டைக் கடந்ததும் நான் ஒதுங்கினேன். அது நேராக யார்டுக்குப் போனது. கம்பெனியின் ஒரே இன்ஜின், தன் ஷெட்டையும் கிடங்கையும் விட்டு, லைனின் வெளி முனையில் போய் நின்றது. அதற்குப் பிறகுதான் ஸ்பேனரை எடுத்தோம்.

4. கழற்றியது

இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி நட்டோம். நான்கு முனைகளிலும் பிஷ் பிளேட்டைக் கழற்ற, ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. கிரீஸ் போட்ட நட்டுகள் விரலால் சுற்றுகிற மாதிரி வந்தன. வெல்டு செய்த லைனாக இருந்திருந்தால், அந்த வெள்ளத்தில் கேஸ் கட்டிங் செட்டை எங்கிருந்து கொண்டுவந்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. கேங்கில் எட்டுப் பேர் போதவில்லை. வெட்ட வந்த பையன்களும் கை கொடுக்க, ரயில் இரண்டையும் கடப்பாரையால் நெம்பி நகர்த்தி, கரையிலேயே பத்திரமாகப் படுக்க வைத்தோம். ஸ்லீப்பர்களை வரிசையாக எடுத்து, எடுத்த வரிசைப்படி சுண்ணாம்பால் எண் போட்டேன்.

"எண்ணு எதுக்கு?" என்று அந்தப் பையன் கேட்டான்.

"திரும்பப் போடறதுக்கு."

ஏழுமலை அண்ணன் முதல் தடவையாகச் சிரித்தார்.

கிடங்கில் ஈரம் பட்டுக் கல்லாகிப் போன சிமென்ட் மூட்டைகள் நிறைய இருந்தன. அவற்றைத் தள்ளுவண்டியில் வைத்துத் தண்டவாளத்தின் மேலேயே உருட்டிக்கொண்டு வந்தோம். வெட்டும் இடத்தின் இரண்டு கன்னங்களிலும் அடுக்கினால் தண்ணீர் கரையை அறுக்காது. டீச்சரும் மூட்டை தூக்க வந்தார். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை.

ஜல்லியை வாரி, கீழே தோண்ட ஆரம்பித்தால் கறுப்புச் சாம்பல். ஸ்டீம் இன்ஜின் காலத்தில் நெருப்புப்பெட்டியைச் சுத்தம் செய்து சாம்பலைக் கொட்டிய இடம் அது. பெயரே அதனால்தான். மண்ணை விடச் சாம்பல் எளிதாக வந்தது. இடுப்பளவு ஆழத்தில் ஏழுமலை அண்ணனின் கடப்பாரை டங்கென்றது.

"பாறையா அண்ணா?"

அவர் கையால் துடைத்துப் பார்த்தார். "செங்கல்லு மேடம். வளைவாப் போவுது."

ஓடை பக்கம் இறங்கி, சரிவில் இருந்த சாம்பலை வெட்டி எடுத்தோம். உள்ளே ஒரு செங்கல் வளைவு இருந்தது. ஆள் குனிந்து போகலாம், அவ்வளவு அகலம். லைனைப் போட்டவர்கள் இந்தத் தாழ்வான இடத்தில் தண்ணீருக்கு வழி விட்டுத்தான் கரை எழுப்பியிருக்கிறார்கள். பிறகு வந்தவர்கள் வருஷக்கணக்காக அதன் இரண்டு வாயிலும் சாம்பலைக் கொட்டி, அதன் மேல் ஜல்லி போட்டு, மறந்துவிட்டார்கள். நானும் அந்த இடத்தைப் பலமுறை நடந்து கடந்திருக்கிறேன்.

கரையை முழுக்க அறுக்கும் எண்ணத்தை அந்த இடத்திலேயே கைவிட்டேன். வளைவின் எதிரே யாரும் நிற்கக் கூடாது என்று சொல்லி, எல்லோரையும் மேலே ஏற்றினேன். காலனி பக்கத்து வாய்க்கு மேலிருந்த சாம்பலைத் தளர்த்திவிட்டு, மேலே நின்றபடி ஒரு நீண்ட இரும்புக் குழாயைச் சரிவாக இறக்கிக் குத்தினோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி குத்தினோம். ஓடை பக்கம் கசிவு தெரிந்தது. பிறகு கறுப்பாக ஒரு கொப்பளிப்பு. அப்புறம் வளைவு நிறையத் தண்ணீர், மை மாதிரி, சாம்பலையும் சேற்றையும் தள்ளிக்கொண்டு காலி நிலத்தைக் கடந்து ஓடைக்குப் போனது.

டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இவ்வளவும் உன் இன்ஜின் போட்ட சாம்பலா சேகர்?"

"என்னுது டீசல் டீச்சர். புகையோட சரி. இது அதோட தாத்தன் வேலை."

மாலைக்குள் டீச்சர் வீட்டு வாசல்படி வெளியே தெரிந்தது. அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கட்டில் கால் தெரிகிறது என்று மட்டும் சொன்னார்.

5. மாட்டியது

தண்ணீர் வடிந்த மறுநாள் ரகுராமன் சார் வந்து சேர்ந்தார். நாங்கள் ஆபீஸில் இருக்கும்போதே தலைமை அலுவலகத்திலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"ரயிலைக் கழட்டிட்டீங்களாமே. நல்லதுதான். அப்படியே இருக்கட்டும். இனிமே வர்ற சிமென்ட்டை லாரியில எடுத்துக்கலாம். லைனைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"செய்யலாம் சார்" என்றார் ரகுராமன் சார். "நம்ம இன்ஜின் வெளிய மாட்டிகிட்டிருக்கு, அதுக்கு மட்டும் என்னன்னு சொல்லிட்டீங்கன்னா…"

"வெளியன்னா?"

"யார்டுல சார். வெள்ளத்துக்குப் பயந்து டிரைவர் கொண்டுபோய் நிறுத்திட்டான். வேற வண்டிக்கு வேணும், லைனைக் காலி பண்ணுங்கன்னு ரயில்வேல கேக்கறாங்க."

"டிரெய்லர்ல ஏத்தி எடுத்துட்டு வாங்க."

"ரோட்டுல இன்னும் தண்ணி நிக்குது. அந்த எடைக்கு டிரெய்லர், ரெண்டு கிரேன், பர்மிஷன்… கேட்டுப் பாக்கறேன் சார். இல்ல, அங்கேயே வித்துடலாம்னாலும் சரி."

எதிர்முனையில் யாரோ யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு குரல் திரும்பியது.

"ரயிலை மாட்டறதுக்கு எவ்வளவு செலவாகும்?"

"செலவே இல்ல சார். நம்ம ஆளுங்க, நம்ம போல்ட்டு."

"சரி, மாட்டுங்க. இன்ஜின் உள்ள வர்ற அளவுக்கு மட்டும். லைனுக்கு எதுவும் செய்ய வேணாம்."

"ஆமா சார். இன்ஜின் வர்ற அளவுக்கு மட்டும்."

இன்ஜின் வரும் அளவுக்கு என்றால், ஒரு ரயில் பாக்கியில்லாமல் லைன் முழுவதும் என்றுதான் அர்த்தம். போனை வைக்கும்போது ரகுராமன் சாரின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வளைவின் இரண்டு வாயையும் சுத்தம் செய்தோம். அதற்கு மேல் மண்ணைக் கெட்டித்து நிரப்பி, எண் வரிசைப்படி ஸ்லீப்பர், அப்புறம் ரயில், பிஷ் பிளேட், போல்ட். ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இடித்து நிரப்பக் காலனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அன்று கடப்பாரையோடு வந்த அதே பையன்கள்தான். இரண்டு ரயிலுக்கும் நடுவே உள்ள அகலத்தைக் கேஜ் வைத்துப் பார்த்து, லெவல் பார்த்து, நான் பச்சைக் கொடி காட்டினேன்.

சேகர் அண்ணன் இன்ஜினைக் கொண்டுவந்தார். சாம்பல் மேட்டைக் கடக்கும்போது நான் ஜாயின்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தடதட, தடதட. ரயில் அசையவில்லை. காலனி வழியாக வந்தபோது எல்லோரும் வாசலில் நின்றார்கள். தண்டவாளத்தில் துணி இல்லை, வடாம் இல்லை. ஹாரனும் இல்லை. டீச்சர் வீட்டு ஜன்னலில், தலையணையில் சாய்ந்தபடி அவர் கணவர் தெரிந்தார்.

டீச்சர் கையைக் காட்டி இன்ஜினை நிறுத்தச் சொன்னார். "ஏன் ஊதல?"

"நீங்கதான டீச்சர் ஊதாதன்னீங்க. சார் வேற படுத்துனு கீறாரு."

"அவர்தான் கேக்கறார். வண்டி வந்தா ஹாரன் வருமே, இன்னிக்கு ஏன் வரலன்னு."

சேகர் அண்ணன் ஊதினார். விதியில் இல்லாத அந்தக் குட்டி ஹாரனை அல்ல, தெரு நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைக்கிற அளவுக்கு நீளமாக.

லைன் இன்னும் ஓடுகிறது. தலைமை அலுவலகம் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. மழைக்கு முன் போல்ட்டுக்குக் கிரீஸ் போடும்போது வளைவின் வாயையும் தூர் வாருகிறோம். அன்றைக்குக் காலனியிலிருந்து டீ வருகிறது. என் பழைய பட்டியலில் முதல் வரியை நானே அடித்துவிட்டேன்.

இன்ஜினை வெளியே நிறுத்தும் யோசனை யாருடையது என்று அடிக்கடி பேச்சு வரும். நான் கேள்விதான் கேட்டேன் என்பார் ரகுராமன் சார். ஷெட்டில் தண்ணி வந்தது, அவ்வளவுதான் என்பார் சேகர் அண்ணன். நான் மெதுவாகப் போகச் சொன்னேன், அவ்வளவுதான்.

இந்த வருஷம் புதிதாக இரண்டு பேர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். இருவரும் பட்டியல் போடுகிறார்கள், மகிழ்ச்சி. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சில நாட்களில் ரயிலைக் கழற்றத்தான் வேண்டியிருக்கும், வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது யோசிக்காமல் கழற்றுங்கள். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன், இன்ஜின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.